எவ்வளவு சொல்லலாம் என்று வக்கீலைக் கேட்டோம்

அன்று அறையில் இருந்தவர்கள்.

டாக்டர். மேஜைக்குப் பின்னால். கோயமுத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

வக்கீல். மேஜைக்கு முன்னால். டாக்டரின் நண்பர். தமிழர்தான். பிறந்தது புனேயில், கட்கியில்; படித்தது மராத்தி மீடியத்தில். அவர் தமிழ் புரிய இந்தியும் தெரிந்திருக்க வேண்டும்.

கவுன்சலர் பெண். ஜன்னல் ஓரம். நோயாளிகளிடம் பேசி ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்து நான்கு மாதம். நோட்டும் பேனாவும் எப்போதும் திறந்தே இருக்கும்.

நான். கதவு ஓரம், ஸ்டூலில். யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள.

மேஜைமேல் ஒரு ஃபைல். அதற்குள் ஒருவர்.

நீங்கள் இப்போது புதிதாக வந்திருக்கிறீர்கள். வரவேற்பு மேஜை, ஃபைல் அறை, வார்டு. எல்லாரும் டிகிரி. நான் எட்டாவது. ஏரவாடாவிலிருந்து பஸ் பிடித்து ஔந்துக்கு வந்து, மனநல கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேஜையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டார். ரிஜிஸ்டர் எழுதுவது, மருந்துச் சீட்டு பிரிப்பது எல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டட்டும். இதில் என் பெயர் தவிர வேறு பெயர் இருக்காது. சிலதை மாற்றியும் இருக்கிறேன். எதை மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் என் பழைய தப்பு ஒன்று. அப்போதுதான் இது புரியும்.

சேர்ந்த முதல் மாதம். காய்கறிக் கடையில் நம் கிளினிக்குக்கு வரும் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அன்பாகத்தான் கேட்டேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" பக்கத்தில் அவருடைய மாமியார் வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். ஒடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அந்த அம்மா அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் வரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "வெளியில நமக்கு யாரையும் தெரியாதுங்க" என்றார். அவ்வளவுதான்.

அதிலிருந்து தெருவில் யாரையும் பார்க்க மாட்டேன். ஔந்த் முழுக்க என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். பழக்கத்தில் ஒருமுறை சொந்தக் கொழுந்தனாரையே தெரியாதது போலத் தாண்டிப் போய்விட்டேன். அவர் இன்னும் பேசுவதில்லை.

கிளினிக்கிலும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். டோக்கன் எண்தான். யாராவது வந்து, இன்னார் இங்கே வருகிறாரா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "இங்க யாரும் வர்றதில்லைங்க." பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் பதில்.

இனி ஃபைலில் இருந்தவர்.

அவர் செவ்வாய்க்கிழமை வருபவர். அதனால் செவ்வாய்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கம். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். தான் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செக்ரெட்டரி. அவருக்கும் சங்கத்தின் சேர்மனுக்கும் ஏழு வருஷமாகச் சண்டை. எதற்கு? நோட்டீஸ் போர்டுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு.

சிரிக்காதீர்கள். ஏழு வருஷத்தில் அந்தச் சாவி அவருடைய தூக்கத்தைத் தின்றது. பிறகு சாப்பாட்டை. பிறகு புத்தியை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் டாக்டரிடம் சொன்னது இது. சேர்மன் ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து கடக்வாஸ்லா அணைக்குப் போவார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த ஸ்கூட்டரின் பிரேக் கம்பியை வெட்டிவிடுவேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. பையைத் திறந்து கட்டிங் பிளேயரைக் காட்டியிருக்கிறார். டாக்டர் அதை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் தரவில்லை.

அதற்குத்தான் புதன்கிழமை வக்கீல் வந்தார்.

"இப்ப நான் என்னங்க செய்யறது?" டாக்டர் கேட்டார். "சொன்னா ரகசியம் போச்சு. சொல்லலைன்னா ரெண்டு உசுரு போகும்."

கவுன்சலர் பெண் கையைத் தூக்கினாள். "சார், கோவத்துல எல்லாரும் சொல்றதுதானே? நான்கூட என் ரூம்மேட்டைக் கொன்னுடுவேன்னு டெய்லி சொல்றேன்."

"ரூம்மேட்டுக்காகக் கடைக்குப் போய் பிளேயர் வாங்குனீங்களா?"

"இல்ல சார்."

"இவரு வாங்கியிருக்காருங்க. பில்லோட."

"பில் எதுக்கு சார்?"

"பேங்க்ல இருந்தவரு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தேக்கோ, இங்க பாரு. ரகசியம்னா ரகசியம்தான். லேகின், ஆனா ஒரு குறிப்பிட்ட ஆளோட உயிருக்கு நிஜமான ஆபத்து இருந்தா டாக்டர் வாயை மூடிட்டு உட்கார வேணாம். சொல்லலாம். நல்லெண்ணத்தோட செஞ்ச காரியத்துக்குச் சட்டம் கவசம் கொடுக்குது."

"கேஸ் போட்டுட்டா?"

"போடட்டும். கேஸ் போடறதை யார் தடுக்க முடியும்? கவசம்னா அடி விழாதுன்னு அர்த்தம் இல்ல பாபா. அடி விழுந்தா சாக மாட்டேன்னு அர்த்தம்."

கவுன்சலர் அதை எழுதிக்கொண்டாள்.

"யாருக்கு ஆபத்தோ அவர்கிட்ட மட்டும் சொல்லு" என்றார் வக்கீல். "எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்லு. முடிஞ்சா முதல்ல பேஷண்டைக் கூப்பிட்டு, நான் சொல்லப் போறேன்னு அவர்கிட்டயே சொல்லிடு. எல்லாத்தையும் எழுதி வை. பஸ், போதும்."

"சரிங்க. அந்த சேர்மன் யாரு, போன் நம்பர் என்ன?" டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "இவரு ஒருநாளும் பேரே சொன்னதில்லைங்க. அந்த ராட்சசன், அந்த ராட்சசன்னுதான் சொல்வாரு."

டாக்டர் முகவரி பார்ப்பதில்லை. முகவரி எழுதுகிறவள் நான்.

அந்தச் சேர்மனை எனக்குத் தெரியும். வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு வருவார். திருநெல்வேலிக்காரர். ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்தவர். அதே கட்டிடம், இரண்டாவது மாடி. அந்தக் கட்டிடத்தில் தமிழ்க் குடும்பமே இரண்டுதான். அந்த இரண்டுதான் இந்த இரண்டும். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று நான்தான் ஒருவரைச் செவ்வாயிலும் ஒருவரை வியாழனிலும் போட்டு வைத்திருந்தேன்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன்.

"இங்கேயே சொல்லுங்க பாயி" என்றார் வக்கீல். மராத்தியில் பெண்களை அப்படிக் கூப்பிடுவது மரியாதை. "நான் வக்கீல். என்கிட்ட சொல்லலாம்."

"உங்களுக்கு ஆபத்து இல்லைங்களே ஐயா."

"என்ன?"

"ஆபத்து இருக்கறவர்கிட்ட மட்டும்தான் சொல்லணும்னு இப்பத்தானே சொன்னீங்க."

வக்கீல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டாக்டர் எழுந்து வெளியே வந்தார்.

மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். டாக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேருமே நம்மாளுங்களா?"

"ஆமாங்க."

"அவரும் ஒரு ராட்சசனைப் பத்தித்தானுங்க சொல்லுவாரு. நான் வேற ராட்சசன்னு நினைச்சேன்."

முடிவு செய்தோம். வியாழக்காரர் நாளைக்கு எப்படியும் வருவார். அப்போது டாக்டரே நேரில் எச்சரிப்பார். செவ்வாய்க்காரரை அதற்கு முன்னால் போனில் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டும். இன்று சாயந்திரமே வந்தால் நல்லது. டாக்டர் அந்த வேலையைக் கவுன்சலரிடம் கொடுத்தார். "சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவள் போன் செய்தாள். இன்று முடியாது என்றார் அவர். "அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டாள்.

இங்கே நிறுத்துகிறேன். அவள்மேல் தப்பில்லை. வியாழக்காரர் யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. புதுப் பெண், எதற்கு என்று விட்டுவிட்டேன். ரகசியத்தை இத்தனை வருஷம் காப்பாற்றியவள் என்ற எண்ணம். நாளைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரையும் கூப்பிடாதே என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம். அதைக்கூடச் சொல்லவில்லை. வெளியே சொல்லி ஒரு தப்புச் செய்தேன். உள்ளே சொல்லாமல் இன்னொன்று.

வியாழக்கிழமை. வக்கீல் தன் கருத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். கவுன்சலர் அறையில் உட்கார்ந்து அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வேறு ஒருவரோடு உள்ளே இருந்தார். கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவைத் தட்டக் கூடாது. தீப்பிடித்தால் தட்டலாம், புகைக்குத் தட்டக் கூடாது என்பது டாக்டர் வைத்த சட்டம்.

பதினொன்றுக்கு வியாழக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் படியில் செருப்புச் சத்தம். செவ்வாய்க்காரர். தோளில் பை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னவே, நீரு இங்க?"

"இன்வெர்ட்டர் பார்க்க வந்தேன். இங்க நல்லதா ஒண்ணு இருக்குன்னாங்க. நீங்க?"

"டாக்டரைச் சங்கத்து மீட்டிங்குக்குப் பேசக் கூப்பிட வந்தேன்."

"எந்த மீட்டிங்? செக்ரெட்டரிக்கே தெரியாம?"

"நோட்டீஸ் ஒட்டலாம்னா சாவி உம்ம இடுப்புலல்லா கெடக்கு."

பெஞ்சில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அவரவர் நோயை மறந்து கேட்டார்கள். ஒருவர் நன்றாகத் தெரிய இடம் மாறி உட்கார்ந்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் கேட்டார்கள். "இவரு இங்க வைத்தியத்துக்கு வர்றாரா?"

"இங்க யாரும் வர்றதில்லைங்க" என்றேன்.

ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்காரர் வியாழக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கீழ போய் வண்டியைப் பூட்டிட்டு வர்றேன்" என்று படியிறங்கினார்.

அவருக்கு வண்டி கிடையாது. எப்போதும் பஸ்ஸில்தான் வருவார். டிக்கெட்டை மடித்து வாட்ச் பட்டையில் செருகியிருப்பார். அன்றும் செருகியிருந்தது. பைக்குள் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் போய்ப் பார்த்தேன். கீழே ஸ்டேஷனரிக் கடைக்கு முன்னால் மூன்று ஸ்கூட்டர். வியாழக்காரர் வண்டியைப் போலவே மூன்றும் சாம்பல் நிறம். அவர் நடுவில் இருந்ததன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

நான் அவர் பின்னால் ஓடலாமா என்று பார்த்தேன். அதற்குள் வியாழக்காரர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "நான் இன்னொரு நாள் வாரேன்" என்று படி பக்கம் நடந்தார். டாக்டர் கதவு சாத்தியிருந்தது. இவர் இறங்கினால் நேராக வண்டியை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைவரை போக வேண்டியதில்லை. இன்றே.

கவசம் இருக்கிறது என்று வக்கீல் சொன்னது டாக்டருக்கு. அது டாக்டர் அளவுக்குத் தைத்தது. எட்டாவது படித்தவளுக்கு அது உண்டா என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வேலை போனால் ஏரவாடாவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம். அதை நினைத்துக்கொண்டு, படியை மறித்து நின்று, அவர் காதருகில் சொன்னேன்.

"ஸ்கூட்டர்ல போகாதீங்க. பிரேக்கைப் பாருங்க."

"யாரு சொன்னா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"எந்த ஸ்கூட்டரும்மா? என் வண்டி செர்வீசுக்குப் போயிருக்கு. நான் ரிக்ஷாலல்லா வந்தேன்."

சொல்லிக்கொண்டே அவராகவே ஜன்னலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். கவுன்சலர் அறையிலிருந்து வக்கீலும் தட்டோடு வந்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அரே! அது என் வண்டி!"

தட்டோடு ஓடினார். படி முழுக்க அவல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செவ்வாய்க்காரர் வெட்டி முடித்திருந்தார். வெட்டியது கிளட்ச் கம்பியை. பேங்கில் இருந்தவருக்கு ஸ்கூட்டரில் எது எந்தக் கம்பி என்று தெரியாது. யார் வண்டி என்றும் தெரியவில்லை. வக்கீல் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிப் பக்கம் குனிந்தார்.

செவ்வாய்க்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் கிரீஸ். "டக்குனு போயிடுச்சு" என்றார். "இவ்வளவு சுலபமா வெட்டுப்படும்னு நினைக்கலை."

வியாழக்காரர் வெட்டிய கம்பியைப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பின்னால எம்பொண்டாட்டி உக்காந்திருப்பாளவே" என்றார். சத்தமே இல்லாமல்.

செவ்வாய்க்காரர் அழ ஆரம்பித்தார்.

டாக்டர் இறங்கி வந்தார். அழுகிறவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாரியம்மா, கதவைத் தட்டியிருக்கலாமுங்களே."

"புகைதானான்னு தெரியலைங்க."

டாக்டர் தரையில் உட்கார்ந்து அந்தக் கையிலிருந்து பிளேயரை வாங்கினார். இந்த முறை தந்துவிட்டார். ஸ்டேஷனரிக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

வியாழக்காரர்தான் முதலில் பேசினார்.

"எந்தக் கெழமவே வாரீரு?"

"செவ்வாய்."

"நான் வியாழன்."

தண்ணீர் குடித்தார்கள். ஒரே டம்ளர்.

"மாத்திரை எத்தனை தாராரு?"

"மூணு."

வியாழக்காரர் டாக்டர் பக்கம் திரும்பினார். "எனக்கு மட்டும் என்னத்துக்கு ரெண்டு?"

செவ்வாய்க்காரரின் வீட்டாரை அன்றே வரவழைத்து அவரை வார்டில் சேர்த்தோம். பதினைந்து நாள் இருந்தார். தெளிந்து போனார்.

சாயந்திரம் கவுன்சலர் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். "நல்லதுக்குத்தான் சார் வரச் சொன்னேன்."

வக்கீல் ரிக்ஷாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். "பேட்டா, நல்ல எண்ணம்னா சட்டத்துல கவனமும் சேர்த்துதான். கவனம் இல்லாத நல்ல எண்ணத்தைக் கோர்ட் நல்ல எண்ணம்னே ஒத்துக்காது."

"கவனம் இல்லாம போனது எனக்குங்க" என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வக்கீல் ரிக்ஷாவில் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது.

செவ்வாய்க்காரரின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கிளினிக்கே அப்பாவின் நோயைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டது, இன்று கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஒன்றாம் எதிராளி டாக்டர். இரண்டாம் எதிராளி நான். என் பெயரை டைப் அடித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரேஷன் கார்டில்கூடக் கையால்தான் எழுதியிருக்கும். கவுன்சலர் பெயர் இல்லை. அவளுக்கு நிம்மதி. கொஞ்சம் வருத்தமும்.

கட்டிடம் முழுக்கத் தெரிந்தது உண்மை. சொன்னது யார்? அவர்கள் இருவரும்தான். சங்கத்தின் பொதுக்குழுவில் வியாழக்காரர் மைக்கை வாங்கி, நானும் செக்ரெட்டரியும் ஒரே டாக்டரிடம் போகிறோம், யாருக்குத் தூக்கம் வரவில்லையோ எங்களிடம் விலாசம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். செவ்வாய்க்காரர் கிழமைகளைச் சொன்னார். அந்த மாதம் அந்தக் கட்டிடத்திலிருந்து புதிதாக மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும், எங்கள் கட்டிடத்திலிருந்து வேறு யாராவது வருகிறார்களா என்று கேட்டார்கள். இங்கே யாரும் வருவதில்லை என்றேன்.

மகனுக்கு இது தெரியாது. நோட்டீசுக்குப் பதில் எழுத வக்கீல் வந்தார்.

"ஐயா, கவசம் டாக்டருக்கு இருக்கும். எனக்கு?"

அவர் புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்தார். "தேக்கோ பாயி. டாக்டர்னு போடலை. எந்த ஒரு நபருக்கும்னு போட்டிருக்கு."

"நான் நபர்தானுங்களா?"

"சட்டப்படி நீங்க நபர்தான்."

அதற்கு மேல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

"லேகின்" என்றார். "இந்தக் காரியம் இந்தச் சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு ரெண்டு வக்கீல் பத்து வருஷம் பேசலாம். அதனால கவசத்தை நம்பி மட்டும் நிக்க வேணாம். என்ன சொன்னோம்கறதுலதான் நிக்கணும். அன்னிக்கு அவர்கிட்ட என்ன சொன்னீங்க? கூட்டாம, குறைக்காம."

பயம் இருந்தது. காட்டவில்லை. சொன்னேன்.

அவர் எழுதினார். அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நோய் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இந்தக் கிளினிக்குக்கு ஒருவர் வருகிறார் என்று அதிலிருந்து யாராவது கண்டுபிடிக்க முடியுமா என்று இன்னொரு தடவை படித்தார். முடியாது. நாங்கள் வெளியே சொன்ன மொத்த வார்த்தைகள் என்று எழுதி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பக்கத்தில் போட்டார்.

நான்கு.